இன்சுலின் ஊசியை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?

ராமேஸ்வரம் தீவுத் தங்கச்சிமடத்தில் சர்க்கரை நோய்க்குக் கடல்பாசிப் பொடி விற்றவர்கள் மைக்கில் பேசிய வீடியோ உங்கள் குரூப்புக்கும் வந்திருக்கும். "கடல்பாசில ஆன்டிஆக்சிடன்ட் இருக்கு, கணையம் புதுசாயிரும், ஊசிய விட்டுரலாம்." செல்லை அரிக்கிற வேதிப்பொருட்களைத் தணிக்கும் ஆன்டிஆக்சிடன்ட் பாசியில் இருப்பது உண்மை. ஊசியை விடச் சொன்னது ஆளைக் கொல்லும்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் பாவம்தான், மறுக்கவில்லை. சர்க்கரை ஏறினால் செல்லுக்குள் சூப்பராக்சைடு என்ற அரிக்கும் பொருள் பெருகும், அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறும். அதைத் தண்ணீராக்குகிற கேட்டலேஸ் நொதி அங்கே மிகக் குறைவு. எலியில் அளந்தபோது கல்லீரலில் இருப்பதில் சில சதவீதம்கூடத் தேறவில்லை. அதனால்தான் அந்த செல் சீக்கிரம் அடிபடுகிறது. ஆனால் அடிப்பது யார்? ஏறிய சர்க்கரை. அதை இறக்குவது எது? ஊசி. ஊசியை நிறுத்தினால், காப்பாற்றுவதாகச் சொன்ன செல்லையே இன்னும் வதைக்கிறீர்கள்.

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு அந்த செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பெரும்பாலும் அழித்துவிட்டது. அவர்களுக்கு எந்தப் பொடி எதைக் காப்பாற்றும்? ஊசி நின்றால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழவாடை. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை அது.

எங்கள் பக்கம் கட்டக்கோரை என்ற கடல்பாசியை அறுக்கப் போகிற பெண்களைப் பாருங்கள். விரலில் துணி சுற்றி, காலில் ரப்பர் கட்டிக்கொண்டு பாறையில் நிற்கிறார்கள். சுகர் ஏறி நரம்பு மரத்துப்போனால் சிப்பி கிழித்த காயம் தெரியாது. சீழ் வைத்த பிறகுதான் தெரியும். அவர்கள் கையால் அறுத்த பாசியைப் பொடியாக்கி அவர்களுக்கே மருந்தென்று விற்பது எனக்கு ஆறவே இல்லை.

"இயற்கைக்கு எதிரியா நீ?" என்பீர்கள். பாசியையும் கீரையையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், சாப்பாடாக. மருந்தாக ஆன்டிஆக்சிடன்டைக் கொடுத்தே பார்த்துவிட்டார்கள். தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்த பெரிய ஆய்வின் முடிவு 2000இல் வந்தது. சுகர்காரர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை. செலினியம் என்ற தாதுச்சத்தைத் தினம் 200 மைக்ரோகிராம் பல வருடம் சாப்பிட்டவர்களிடம் சுகர் நோய் கூடியதாக 2007இல் வெளிவந்தது. 2009இல், உடற்பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரை எடுத்தவர்களுக்குப் பயிற்சியால் கிடைக்க வேண்டிய பலன் மட்டுப்பட்டது. முன்னே சொன்ன ஹைட்ரஜன் பெராக்சைடும் கொஞ்சம் உடம்புக்கே தேவை. இன்சுலின் சுரக்கச் சொல்லும் சைகைகளில் அதுவும் ஒன்று. எல்லாவற்றையும் துடைத்தெடுப்பது வைத்தியம் ஆகாது.

"ஊசி போட்டால் லோ சுகர் வருமே?" வரும், நியாயமான பயம். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லி யூனிட்டைக் குறைக்கலாம். அதற்காக ஊசியையே விடுவதா?

இன்னொன்று. ஊசி மருந்தை மீன் ஐஸ் பெட்டியில் புதைத்து வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் கெட்டது, உருகினாலும் ஆகாது. மருந்து உறைந்து வேலை செய்யாமல் போய், "ஊசி கேட்கல, பொடி கேட்டுச்சு" என்று பேசுகிறவர்களையும் பார்க்கிறேன்.

அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அழியுங்கள். ஊசியை நிறுத்தியவர்கள் இன்றைக்கே சுகர் பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலினுக்குக் காசு இல்லை. விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து அதிக யூனிட் போட்டுவிடாதீர்கள், பழைய அளவையும் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.