பூனைக்குச் சங்கம், நாய்க்கு வலை

சீனாவிலிருந்து ஊருக்குப் பேசினால் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் போனை வைப்பதில்லை: “அங்க தெருவுல நாய், பூனையெல்லாம் உயிரோட இருக்காப்பா?” இருக்கிறது சித்தப்பா. நாய்க்கறி தின்பவர்கள் சில வட்டாரங்களில் உண்டுதான். என் மாணவர்களிடம் அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். ஷென்ஜென் நகரம் 2020 மே மாதத்திலிருந்து நாய், பூனைக் கறிக்குத் தடையே போட்டுவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு.

குன்மிங்கில் நான் பாடம் எடுக்கும் பல்கலைக்கழகத்தில் பூனைகளுக்கு இருக்கிற செல்வாக்கு பேராசிரியர்களுக்குக் கிடையாது. இங்கே எல்லோர் போனிலும் இருக்கிற வீசாட் செயலியில் பூனைகளுக்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். எந்தப் பூனை எந்தக் கட்டடத்துப் பக்கம் திரியும், கருத்தடை ஆகிவிட்டதா, தடவ விடுமா, பிராண்டுமா, எல்லாம் படத்தோடு இருக்கும். பார்த்துக்கொள்வது மாணவர் சங்கம். இப்படிச் சங்கங்கள் இங்கே பல பல்கலைக்கழகங்களில் உண்டு. பீகிங் பல்கலைக்கழகத்துச் சங்கத்துக்கு நாடு முழுக்கப் பேர். கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, மயக்கம் தெளிவதற்குள் ஒரு காதின் நுனியை நறுக்கிவிட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறார்கள். காதைப் பார்த்தால் போதும், அதே பூனையை மறுபடி பிடித்து அறுக்க மாட்டார்கள்.

அப்படி நறுக்கிய காதோடு ஒரு மஞ்சள் பூனை என் வகுப்புக்கே வரும். முன்வரிசையில் பை எதுவும் திறந்திருந்தால் உள்ளே இறங்கிப் படுத்துக்கொள்ளும். முதலாண்டுப் பையன் ஒருவன் ஹாம் சாசேஜைப் பிய்த்துப் போட்டபோது பின்னாலிருந்து ஒருத்தி போட்ட அதட்டலில் நானே சாக்பீஸைக் கீழே போட்டேன். “உப்புடா அதுல! அதோட கிட்னிக்கு நீயா பதில் சொல்லுவ?” கணக்கு, கறார், பணம் வசூலித்ததற்கு ரசீது என்று இந்தப் பிள்ளைகள் நடத்துகிற ஒழுங்கைப் பார்த்தால், சோறு வைப்பவர்களும் கல்லெடுப்பவர்களும் நம்மூர்த் தெருவில் போடுகிற சண்டைதான் ஞாபகம் வரும்.

ஆனால் இந்த ஒழுங்கெல்லாம் பூனையோடு சரி.

2023 அக்டோபரில் சிச்சுவான் மாகாணம் சோங்ஜோவில் ஒரு ராட்வைலர் இரண்டு வயதுக் குழந்தையைக் குதறிவிட்டது. கட்டாமல் விட்ட வளர்ப்பு நாய் அது. சிக்கியதோ தெருநாய்கள். ஊர் ஊராகப் பிடித்தார்கள், பல பல்கலைக்கழகங்கள் வளாகத்து நாய்களை அப்புறப்படுத்தின. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எங்கள் கேன்டீன் வாசலில் படுத்திருக்கும் வயதான செவலை நாயும் அந்த வாரத்தோடு காணாமல் போனது. எங்கே கொண்டுபோனார்கள் என்று காவலாளிகளிடம் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பயப்படுவது தப்பென்று சொல்லவில்லை. வெறிநாய்க்கடியால் 2007இல் மட்டும் சீனாவில் 3,300 பேர் இறந்தார்கள். இப்போது அது ஆண்டுக்கு இருநூறுக்கும் கீழே வந்திருப்பதில் தடுப்பூசிக்குப் பெரிய பங்கு உண்டு. நாய் வளர்ப்பவர் ஊசி போட்டே ஆகவேண்டும், வெளியே கூட்டிவந்தால் வாரைப் பிடித்தே ஆகவேண்டும் என்று 2021இல் திருத்திய சட்டம் சொல்கிறது. வளர்ப்பவர் இல்லாத நாய்க்கு? நாடு முழுக்கச் செல்லுபடியாகிற மிருகவதைத் தடைச் சட்டம் என்று இங்கே ஒன்று கிடையாது. ஆக, அந்த மஞ்சள் பூனையின் செல்வாக்கும் அடுத்த சுற்றறிக்கை வரும்வரைதான். இத்தனைக்கும் குன்மிங், 1985இலிருந்து குளிர்காலந்தோறும் சைபீரியாவிலிருந்து வந்திறங்கும் கடற்காகங்களுக்கு, ஏரிக்கரையில் ரொட்டி வாங்கிப் போட்டுக் கொண்டாடுகிற ஊர்.

நம் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில், கல்வி நிலையங்களிலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள், திரும்ப அதே இடத்தில் விடாதீர்கள் என்று சொன்னதும், “பார்த்தியா, சீனா மாதிரி செஞ்சாத்தான் சரி” என்று நண்பர் ஒருவர் எழுதினார். சீனா மாதிரி என்றால் எந்தச் சீனா ஐயா? சங்கம் வைத்துக் கருத்தடை செய்கிற சீனாவா, ராத்திரியோடு ராத்திரியாக வேன் அனுப்புகிற சீனாவா? முதலாவது செலவு பிடிக்கும், பல வருடம் இழுக்கும். இரண்டாவது ஒரே வாரத்தில் முடியும், காலியான இடத்துக்கு வேறு நாய் வரும்வரை.

வளாகத்துப் பூனைகளில் பாதியாவது இங்கே பிறந்தவை அல்ல என்பது சங்கத்துப் பிள்ளைகளின் கணிப்பு. விடுதியில் மிருகம் வளர்க்கக் கூடாது, திருட்டுத்தனமாக வளர்ப்பார்கள். ஜூனில் பட்டம் வாங்கியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், பூனை படிக்கட்டில் நிற்கும். அறையைக் காலி செய்யும்போது சாவி, மெத்தை, நூலகப் புத்தகம் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கும் அலுவலகம் பூனையைக் கேட்பதில்லை. அதன் கணக்குப்படி விடுதியில் பூனையே கிடையாது.

அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாமே என்று அலுவலகத்தில் ஒருவரிடம் சொன்னேன். “அபராதம் கட்டணும்னு தெரிஞ்சே எவன் எழுதுவான்?” என்றார். கடைசி ஒரு மாதம் அபராதம் வேண்டாம், எழுதிக்கொடுப்பவனின் பூனைக்குச் சங்கம் வீடு தேடட்டும் என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். ஜூனுக்குள் யோசித்து முடித்தால் தேவலை.