"நிரல் எங்கே?" என்று கேட்டுச் சிரித்தவர்களுக்கு

நிரல் (கணினிக்கு எழுதும் கட்டளைகள்) எழுதாமலே செயலி உருவாக்க நான் எடுக்கும் வகுப்பில் படிக்கும் ஓர் அம்மா சனிக்கிழமை மேடையில் தன் செயலியைக் காட்டியபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்திருந்தேன். அந்த இரண்டு நிமிடக் காணொளித் துண்டை உங்களில் பலர் பார்த்துவிட்டீர்கள். சிலர் எனக்கே அனுப்பி, "இதற்கு என்ன பதில்?" என்று கேட்டீர்கள். நேற்று அதன் கீழே ஒருவர், "பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டு மென்பொருள் வகுப்பு என்று பெயர் வைக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். அதற்கு விழுந்த விருப்பக்குறிகளைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நிகழ்ச்சிக்கு வந்திருந்த விருந்தினர் கேட்டது ஒரே கேள்வி: "எல்லாம் சரி, இதில் நிரல் எங்கே?" கேட்டுவிட்டுச் சிரித்தார். அரங்கமும் சிரித்தது. மேடையில் நின்ற அந்த அம்மா செயலியைக் காட்டிக்கொண்டிருந்த கைபேசியை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். காணொளியில் அது ஓரமாகத்தான் தெரிகிறது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் செயலி உருவாக்கக் கற்றுக்கொள்பவரும் மென்பொருள் உருவாக்கத்தைத்தான் கற்றுக்கொள்கிறார். வேறு எதையோ அல்ல, அதன் மலிவுப் பதிப்பையும் அல்ல.

அவர் என்ன செய்தார் என்று அந்தத் துண்டில் இல்லை. அவர் ஓய்வுபெற்ற செவிலியர். சக்கர நாற்காலி, நடைச்சட்டம் போன்றவற்றை நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கும் தன்னார்வக் குழு ஒன்றில் இருக்கிறார். யாரிடம் எது இருக்கிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வந்தார்கள். அதைச் செயலியாக்க வேண்டும் என்றுதான் வகுப்புக்கு வந்தார். முதல் வாரம் ஒரே அட்டவணை போட்டார்: நாற்காலி எண், வாங்கியவர், தொலைபேசி, தேதி. அதே நாற்காலி இரண்டாம் முறை வெளியே போனபோது "வாங்கியவர் 2" என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்தார். பிறகு "வாங்கியவர் 3". நான் குறுக்கிடவில்லை. மூன்றாம் வாரம் அவரே வந்தார். "தம்பி, இப்படியே போனால் இன்னும் எத்தனை கட்டம் சேர்ப்பது? ஒருவரே இரண்டு பொருள் வாங்கியிருந்தால் எங்கே தேடுவது?"

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "அம்மா, இரவல் என்பது நாற்காலியைப் பற்றிய தகவலா, வாங்கியவரைப் பற்றிய தகவலா?" அன்று பதில் சொல்லவில்லை. அடுத்த வகுப்புக்கு மூன்று காகிதங்களோடு வந்தார். ஒன்றில் பொருள்கள், ஒன்றில் ஆட்கள், மூன்றாவதில் இரவல்கள். இரவல் காகிதத்தின் ஒவ்வொரு வரியிலும் ஒரு பொருள் எண், ஓர் ஆள் எண், கொடுத்த நாள், திரும்பிய நாள். "இரவல் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறது தம்பி, அதற்குத் தனி இடம் வேண்டும்" என்றார்.

தொழிலில் இருப்பவர்களுக்கு இது என்னவென்று தெரியும். ஒரே வரிசைக்குள் திரும்பத் திரும்ப வருகிற தொகுதியைப் பிரித்துத் தனி அட்டவணையாக்கு என்று 1970-இல் கணினி அறிவியலாளர் எட்கர் காட் தன் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார். தகவலை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாகச் சேமிக்கும் தொடர்புநிலைத் தரவுத்தளங்கள் எல்லாம் அந்தக் கட்டுரையிலிருந்துதான் கிளம்பின. அந்த அம்மா காட் பெயரைக் கேட்டதுகூட இல்லை. ஒரு வாரம் யோசித்து அந்த இடத்துக்குத் தானே வந்து சேர்ந்தார். நிரல் எங்கே என்று கேட்டவர், இந்த மூன்று காகிதங்கள் எங்கிருந்து வந்தன என்று ஏன் கேட்கவில்லை?

பொத்தானை இழுத்துத் திரையில் போடுவதற்கு இரண்டு மணி நேரம் போதும். அதற்கு வகுப்பே தேவையில்லை. நாங்கள் வாரக்கணக்கில் கற்றுக்கொடுப்பது வேறு. எது தனிப் பொருள், எது அதன் பண்பு, எது நிகழ்வு? ஒரு நிகழ்வு நடந்தால் எந்த நிலை மாற வேண்டும்? ஒரே நாற்காலியை இரண்டு தன்னார்வலர்கள் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் பதிவு செய்தால் செயலி என்ன செய்ய வேண்டும்? கடைசிக் கேள்விக்கு அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். இது பொம்மையா?

என் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நானும் "முறையாகத்தான்" கற்றுக்கொடுத்தேன். முதல் வகுப்பிலேயே நிரல்மொழியைக் கணினியில் நிறுவச் சொல்வேன். முதல் வாரம் நிறுவலிலேயே போகும். ஒருவர் கணினியில் பாதை அமைப்பு சரியாக இருக்காது, இன்னொருவருக்குப் பதிப்பு பொருந்தாது, மூன்றாமவர் ஓர் அடைப்புக்குறியை விட்டிருப்பார். நாலாவது வாரம் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். போகும்போது ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "எனக்கு அந்த அளவுக்கு மூளை இல்லை, சார்." தன் வீட்டுத் தையல் வேலைக்கு அளவு, துணி, கெடு நாள் எல்லாவற்றையும் பிசகாமல் மனதிலேயே கணக்கு வைத்திருந்தவர் அவர். அவருக்கு மூளை இல்லை என்று நம்பவைத்தது என் பாடத்திட்டம். அவர் என்ன செய்ய விரும்பினார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. இந்தக் குற்ற உணர்வு எனக்கு இன்றும் இருக்கிறது. நான் பாதை மாறியதற்கு அவர்தான் காரணம்.

இனி, வரப்போகும் பின்னூட்டங்களுக்கு. "பாதுகாப்பு என்ன ஆகும்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, இதை நான் ஒதுக்கவில்லை. 2021-இல், அதிகம் நிரல் எழுதாமல் செயலி உருவாக்கும் கருவியான மைக்ரோசாஃப்ட் பவர் ஆப்ஸ் கொண்டு அமைத்த இணையப் பக்கங்களில் 3.8 கோடிப் பதிவுகள் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி திறந்து கிடந்தது வெளியே வந்தது. அட்டவணைக்கான அனுமதிக் கட்டுப்பாடு இயல்பாகவே அணைந்திருந்தது; அதைப் போட வேண்டியவர்கள் போடவில்லை. அப்படித் திறந்து வைத்திருந்தவர்களில் அரசுத் துறைகளும் பெரிய நிறுவனங்களும் இருந்தன. என்னிடம் படிக்க வந்த தொடக்கநிலையாளர்கள் அல்ல. அதனால்தான் திரையில் ஒன்றை மறைப்பது வேறு, தரவிலேயே பூட்டுவது வேறு என்பதை நான்காம் வாரத்தில் ஒரு முழு வகுப்பாக எடுக்கிறேன். அந்த அம்மாவின் செயலியில் நோயாளியின் முகவரி, பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தன்னார்வலருக்கு மட்டும், இரவல் முடியும் வரை மட்டும் தெரியும். அதை அவர் தரவு மட்டத்திலேயே பூட்டியிருக்கிறார். "நோயாளியின் விவரத்தை வெளியே விடக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்தவள் நான்" என்றார். நிரல் தெரிந்த எத்தனை பேர் இந்தக் கவலையோடு தொடங்குகிறோம்?

"கருவியை நடத்தும் நிறுவனம் கடையை மூடிவிட்டால்?" மூடுவார்கள். நிரலாளர் அல்லாதவர்களும் மென்பொருள் உருவாக்க உதவிய, 1987-இல் வந்த ஹைப்பர்கார்டை ஆப்பிள் 2004-இல் நிறுத்தியது. கூகுளின் செயலி உருவாக்கும் கருவியான ஆப் மேக்கர் 2021 ஜனவரியில் நின்றுபோனது. தரவை வெளியே எடுத்து வைக்கும் வழி இல்லாத கருவியைத் தொடாதீர்கள் என்பதுதான் என் முதல் நாள் பாடம். மூன்று அட்டவணைகள் தெளிவாக இருந்தால் வேறு கருவிக்குப் போகலாம், நாளை நிரலாகவும் எழுதலாம். சிந்தனை அவரிடம்தான் இருக்கிறது, கருவியிடம் இல்லை.

"பத்து லட்சம் பேர் பயன்படுத்தினால் தாங்குமா?" தாங்காது. அவர்களிடம் இருப்பவை நாற்பது சக்கர நாற்காலிகள்.

"இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே" என்பவர்களுக்கும் அதே பதில். இரவலுக்குத் தனி அட்டவணை வேண்டும் என்று தெரியாதவருக்கு அது எழுதித் தருவது சரியா தவறா என்று எப்படித் தெரியும்?

நிரல்தான் மென்பொருள் என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மனிதர் எழுதும் சூத்திரங்களை இயந்திரக் குறியீடாக மாற்றித் தரும் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி 1957-இல் வெளியானபோது, இயந்திரக் குறியீட்டைக் கையால் எழுதியவர்கள் அதை நம்பவில்லை. மனிதன் எழுதுவதற்கு ஈடாக ஓர் இயந்திரம் குறியீட்டை உருவாக்குமா என்று சந்தேகப்பட்டார்கள். 1979-இல் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் வந்த பிறகு கணக்காளர்கள் கட்டங்களுக்குள் சூத்திரம் எழுதினார்கள். ஒரு கட்டம் மாறினால் சார்ந்த கட்டங்கள் எல்லாம் தானாக மாறின. அது நிரல் இல்லாமல் வேறென்ன? அவர்கள் யாரும் தங்களை நிரலாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, நீங்களும் சொல்லவிடவில்லை. இன்று நீங்கள் எழுதும் வசதியான மொழிக்குக் கீழே எத்தனை அடுக்குகளை யாரோ உங்களுக்காக எழுதி வைத்திருக்கிறார்கள்? அந்த அடுக்குகளின் மேல் நின்றுகொண்டு, இன்னும் ஓர் அடுக்கு மேலே நிற்பவரைப் பார்த்து எப்படிச் சிரிக்க முடிகிறது?

என் கோபம் கருவிகளைப் பற்றியதும் இல்லை. நானும் நிரல் எழுதித்தான் சம்பாதிக்கிறேன். நிரலை நேசிக்கிறேன். இந்த வகுப்பில் தொடங்கிய சிலர் இன்று நிரலும் எழுதுகிறார்கள். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் மதிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தன் வேலையைத் தானே புரிந்து, தன் கையால் ஒன்றை உருவாக்கிக் காட்ட வந்தவரை மேடையில் வைத்துக் கூசவைக்கும் உரிமையை யார் கொடுத்தது? அறுபது வயதைத் தாண்டியவர், அரங்கத்தின் முன் முதல்முறையாக நிற்கிறார். ஒரு நிமிடம் பொறுத்து, "இதை எப்படி யோசித்தீர்கள்?" என்று கேட்டிருந்தால் விருந்தினரின் அனுபவத்தில் என்ன குறைந்திருக்கும்? நானும் அப்போதே எழுந்து பேசியிருக்க வேண்டும். விருந்தினர் என்ற மரியாதையில் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "விடுங்கள் தம்பி" என்றார். பிறகு நடந்த வகுப்புக்கு அவர் வரவில்லை.

காணொளியை நீக்கிவிடு, அவருக்குச் சங்கடம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அவரிடமே கேட்டேன், இருக்கட்டும் என்றார். சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அவர் பதினான்கு நிமிடம் பேசியிருக்கிறார். முழுப் பதிவையும் முதல் பின்னூட்டத்தில் இணைத்திருக்கிறேன். மூன்று காகிதங்களையும் ஆறாவது நிமிடத்தில் காட்டுகிறார்.