பாட்டில் தானாக நடந்து வராது

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். டாஸ்மாக் கடையில் காலி மது பாட்டிலை நீட்டி, வாங்கும்போது கூடுதலாகக் கட்டிய 10 ரூபாயைத் திருப்பிக் கேட்பவர் கத்துகிறார், "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று விற்பனையாளர் கெஞ்சுகிறார். கீழே நம் சூழலியல் நண்பர்கள் வரிசையாக: "ஒரு பாட்டிலை வாங்கி வைக்க என்ன கஷ்டம்?"

ஒரு பாட்டில் என்றால் கஷ்டமில்லைதான்.

காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்றுதான் உயர் நீதிமன்றம் சொல்லி 2022இல் நீலகிரியில் இதைத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் பாட்டில் தானாக நடந்து வராது. ஸ்டிக்கர் ஒட்ட ஆள் வேண்டும். திரும்பி வந்தால் ஸ்டிக்கரைப் பார்த்துக் காசு கொடுக்க, கணக்கு எழுத, மூட்டை கட்ட ஆள் வேண்டும். மூட்டையை வைக்க இடம் வேண்டும். இதற்குத் தனி ஆள் போடுங்கள் என்றுதான் டாஸ்மாக் ஊழியர்கள் போராடினார்கள்.

என் அப்பா சின்னதாக ஒரு சோடா கம்பெனி வைத்திருந்தார். காலி பாட்டில் வந்தால்தான் மறுநாள் சரக்கு. அதற்கென்றே சைக்கிளில் கடை கடையாகப் போக ஓர் அண்ணன், பிரஷ் விட்டுக் கழுவ ஓர் அக்கா. சனிக்கிழமை அவர்கள் கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அரிசி வாங்குவார். அதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் 'காலி பாட்டில்'. சரி, அது கிடக்கட்டும்.

"ஜெர்மனியில் நடக்கவில்லையா?" நடக்கிறது. அங்கே சூப்பர் மார்க்கெட்டில் மெஷின் பாட்டிலை வாங்கிக்கொண்டு சீட்டு கொடுக்கிறது. மெஷினை யாரும் 'டேய்' என்று கூப்பிடுவதில்லை.

"2025இல் டாஸ்மாக் ஊழியர்கள் 23,629 பேருக்குச் சம்பளத்தில் மாதம் 2,000 ரூபாய் ஏற்றினார்களே?" ஏற்றினார்கள். 2003இல் அரசு கடைகளை எடுத்ததிலிருந்து தொகுப்பூதியம்தான். ஏற்றியது விலைவாசிக்கே காணாது. புது வேலைக்குக் கூலி எங்கே?

"போட்ட விலைக்கு மேல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் தங்களுக்கென்று பிடுங்குகிறவர்கள்தானே?" எல்லாரையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். இதற்கு மேல் அதைப் பேச விருப்பமில்லை.

உண்மையில் உங்களுக்குப் பாட்டில் பிரச்சினையே இல்லை. சாராயக்கடையில் நிற்கிறவன்தானே, எவ்வளவு சுமத்தினாலும் சுமப்பான் என்ற எண்ணம். இதே பாட்டிலைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு போகிற அம்மாவைப் படம் எடுத்துச் 'சுற்றுச்சூழல் காவலர்' என்று போடுவீர்கள். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்களா?

கடையைத் திறந்தது அரசு, வாங்கிக் குடிப்பது ஊர். நடுவில் மூட்டை கட்டுகிறவன் கெட்டவன். "குடியைக் கெடுக்கிறவனுக்கு என்ன மரியாதை" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அதற்கு அத்தனை லைக். போட்டவர்களில் எங்கள் சோடாவைக் குடித்து வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.