தச்சனின் கைகளைக் கண்டு முகம் சுளித்தவர்கள்

சார்லஸ் டிக்கன்ஸ் மீது எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. லண்டன் ஏழைகளின் துயரை எழுதி ஊரையே அழவைத்த அந்த மனிதர், 1850 ஜூனில் தமது வார இதழில் ஓர் ஓவியத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதிலிருந்த தச்சர்களைக் குடிகாரர்கள் வந்து சேரும் மருத்துவமனையில் பார்க்கலாம் என்றார். அதிலிருந்த இயேசுவின் தாய் மரியாளின் முகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஜான் எவரெட் மில்லே தீட்டிய 'பெற்றோர் வீட்டில் கிறிஸ்து' என்ற ஓவியம் அது. அதைத் தீட்டியபோது மில்லேவுக்கு வயது 20. ஆணி குத்திய கையோடு நிற்கும் சிறுவன் இயேசு, குறடால் ஆணியைப் பிடுங்கும் பாட்டி அன்னாள், தண்ணீர் கொண்டுவரும் யோவான் என்று எல்லாவற்றிலும் சிலுவையின் முன்குறிப்பைத் தேடி நிறைய எழுதியிருக்கிறார்கள். அது தெரிந்ததுதான்.

என் கண் போவது பட்டறைக்கு. ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இருந்த ஒரு தச்சுப் பட்டறையைப் பார்த்துத்தான் மில்லே இதை வரைந்தார். தரை முழுக்க மரச்சுருள், சுவரில் கருவிகள், மேசைமேல் செய்துகொண்டிருக்கும் கதவு. இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்பின் தலைக்குத் தம் தந்தையைப் பார்த்து வரைந்தவர், உடலுக்கு மட்டும் உண்மையான தச்சர் ஒருவரை நிறுத்தினார். நாளெல்லாம் ரம்பமும் இழைப்புளியும் பிடிப்பவனின் தசை வேறு எவரிடமும் கிடைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. புடைத்த நரம்புகள், நகக்கண்ணில் அழுக்கு, எதையும் அவர் துடைக்கவில்லை. (கதவுக்கு வெளியே நிற்கும் ஆடுகளுக்காகக் கசாப்புக் கடையிலிருந்து தலைகளை வாங்கி வந்திருக்கிறார்!)

மதத்தை அவமதித்துவிட்டார் என்று பத்திரிகைகள் கொதித்தன. இந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. யோசேப்பைத் தச்சர் என்று சொல்வது விவிலியத்தின் நற்செய்தி நூலே. நம் ஊர்க் கோவில்களிலும் அதே யோசேப்பு, சூசையப்பர் என்ற பெயரில், லில்லி மலரோடு, வழவழப்பான விரல்களோடு நிற்கிறார். உளி பிடித்த கை அப்படி இருக்குமா என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. உழைத்த உடலை உழைத்த உடலாகவே காட்டியதுதான் அன்று உறுத்தியது. அப்படி உறுத்தப்பட்டவர்கள், அதே போன்ற கைகள் செய்த நாற்காலியில் அமர்ந்துதான் அந்த விமர்சனங்களைப் படித்திருப்பார்கள்.

கூச்சல் பெரிதாகி, விக்டோரியா அரசியே ஓவியத்தைத் தம்மிடம் வரவழைத்துப் பார்த்தார். இன்று அது லண்டன் டேட் காட்சியகத்தின் உடைமை. அவர்களுடைய இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். குழந்தையின் காயத்துக்குப் போகும் முன் யோசேப்பின் முன்னங்கைகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அவற்றில் அருவருக்க என்ன இருக்கிறது என்று டிக்கன்ஸை நேசிப்பவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.