சாய்தளத்துக்கு நீளம் வேண்டும்

நம் திருநெல்வேலிப் பக்கம் கொத்தனாரிடம் "வாசலில் ஒரு ராம்ப் போட வேண்டும்" என்று சொன்னால், பெரும்பாலும் பைக் ஏற்றும் சரிவைத்தான் போட்டுத் தருகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்பவர் மனத்தில் இருப்பதும் அதுதான். ஆனால் பைக்குக்கு எஞ்சின் இருக்கிறது. சக்கர நாற்காலிக்குத் தள்ளுபவரின் கைகளும், தானே உருட்டிச் செல்பவராயின் அவருடைய தோள்களுமே பலம். மருத்துவமனையிலும் வங்கியிலும் பைக் சரிவையே சாய்தளம் என்று கட்டி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓர் அடி உயரம் ஏறக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பதே விதி. ஆறு அங்குலப் படிகள் மூன்று இருந்தால் சாய்தளம் 18 அடி நீள வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனைக்கு அத்தையை அழைத்துச் சென்றபோது, அந்த உயரத்தை ஆறடிக்குள் முடித்திருந்தார்கள். பாதி ஏறுவதற்குள் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. அத்தை இரண்டு கைகளாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். மேலே நிற்கச் சமதளம் இல்லை, கதவோ வெளிப்பக்கம் திறப்பது. அதைத் திறப்பதற்காக நாற்காலியை மறுபடியும் சரிவிலேயே பின்னுக்கு இறக்க வேண்டியிருந்தது. கதவுக்கு முன்னால் நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடிச் சதுரம் விட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டுபவர்கள் பேஸ்மட்டத்தை உயர்த்தவே நினைப்பார்கள், அது நியாயமும்கூட. ஆனால் மூன்றடி உயர்த்தினால் சாய்தளம் 36 அடியாகிறது. இடம் இல்லை என்று கைவிட வேண்டியதில்லை. நடுவில் சமதளம் விட்டுச் சுவரோரமாக மடக்கிக் கொண்டுவரலாம், இருபுறமும் கைப்பிடி வைக்கலாம். இதை வரைபடத்திலேயே முடிவு செய்ய வேண்டும்; கான்கிரீட் போட்ட பின்பு யோசித்துப் பயனில்லை.

1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தென்காசி அருகே ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். அப்படிப்பட்டவர் வாழும் சீமையில் சாய்தளத்தின் அளவு தெரியாது என்று சொல்வதற்கு நமக்கு வழியில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோவதற்கான அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக் கூடாது என்கிறது. அந்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சான்று வழங்கப் பார்வையிட வரும் அலுவலர், சாய்தளம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், டேப்பைப் பிடித்து அதன் உயரத்தையும் நீளத்தையும் அளந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.