எதிர்பார்ப்பை இன்னும் எவ்வளவு குறைக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நடக்கும் சினிமா பட்டிமன்றத்தில், தமிழ் அறிவியல் புனைகதைப் படம் என்றால் எப்போதும் ஒரே தீர்ப்புதான்: "எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கிட்டுப் பாருங்கண்ணே, படம் ஓகேலா."

இன்னும் எவ்வளவு குறைக்கிறது? விண்வெளியில் கப்பல் வெடித்தால் 'டமார்'! காற்றே இல்லாத இடத்தில் சத்தம் எதில் ஏறி வந்தது, செம்பனை லோரியிலா? சரி, அது பழைய பாவம், விட்டுத்தொலைப்போம்.

செவ்வாயிலிருந்து பூமிக்கு ரேடியோ அலை வரக் குறைந்தது 3 நிமிடம் ஆகும். தூரம் கூடினால் 22 நிமிடம். நாயகனோ அங்கிருந்து காதலியோடு வீடியோ காலில் கொஞ்சுகிறான், ஒரு நொடி தாமதமில்லை. பக்கத்துத் தோட்டத்துக்குப் பேசினாலே நமக்கு லைன் விட்டுவிட்டு வருகிறது! ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் போகும் தூரம். வில்லன் அதை வயசு மாதிரி சொல்கிறான்.

கால இயந்திரக் கதையா? இடைவேளைக்கு முன்னே ஒரு விதி, பின்னே ஒரு விதி. 2015இல் 'இன்று நேற்று நாளை' படம் வந்ததே, விதியோடு விளையாடிச் சிரிக்கவும் வைத்ததே, மறந்துபோச்சா?

"கிராபிக்ஸ் நல்லா இருக்குல்ல?" இருக்குதான். திரைக்கதைக்கு எந்தக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் போடுவது?

"லாஜிக் பார்க்காதீங்கண்ணே." அறிவியல் புனைகதையில் அறிவியலைக் கழித்தால் கதையாவது மிஞ்சணுமே, அது எங்கேப்பா?