"வலிக்கவே இல்லையே"

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து 18 வருடம். போன வருடம் சித்திரை வெயிலில் ரேஷன் கடைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். இன்னொன்று எங்கே கழன்றது என்று கேட்டால் முழிக்கிறார். கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. தார் ரோட்டில் அப்படியே நடந்து வந்திருக்கிறார். அம்மா உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால், கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். "வலிக்கவே இல்லையே" என்றார். வலி இல்லாதவரைக்கும் நல்லது என்று மஞ்சளைக் குழைத்துப் போட்டு விட்டுவிட்டோம்.

மூன்று வாரத்தில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள்.

சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே நின்றால் நரம்பு கெடுகிறது. நீளமான நரம்புகள் போய் முடிகிற இடம் பாதம் என்பதால் முதல் அடி அங்கேதான். மதமதப்பு, எரிச்சல், பஞ்சு மேல் நடப்பது போல ஓர் உணர்வு. அப்புறம் அதுவும் நின்றுவிடும். எரிச்சல் போய்விட்டது என்று சந்தோஷப்படுகிற நேரம்தான் ஆபத்தானது. வியர்வை சுரக்காமல் தோல் காய்ந்து வெடிக்கும். ரத்தக் குழாயும் அடைபட்டிருந்தால் புண் ஆற வழியே இல்லை.

வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளிடம் கண்டது இதைத்தான். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. உணர்வு செத்ததால் பட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் படுகிறது. அவர்களுக்காக வந்த, மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பைத்தான் இன்று சர்க்கரைக்காரர்களுக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

அப்பா இனிப்பைத் தொடாதவர். ஆனால் தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்தது. அப்பாவுக்கு நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, தொப்பை, மூன்று வேளையும் அரிசி. தொப்பைக் கொழுப்பு இன்சுலினை வேலை செய்யவிடாது, கணையம் கூடக்கூடச் சுரந்து ஓய்ந்துபோகும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. இத்தனை வருடமும் மாதாமாதம் கிளினிக்கில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடுதான் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார். ரத்தம் எடுத்தார்கள், மாத்திரையை மாற்றினார்கள். அந்தக் காலை ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. பாதத்தில் ஒரு நைலான் இழையை வைத்து அழுத்தி, தெரிகிறதா என்று கேட்கிற பரிசோதனை சில நிமிட வேலை. வருடத்துக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டியது. நாங்களும் கேட்கவில்லை. தயவுசெய்து நீங்கள் கேளுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவவிடாதீர்கள், மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், உச்சி வெயிலில் கோவில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றவிடாதீர்கள்.

இப்போது தினமும் ராத்திரி அம்மா தன் கைக்கண்ணாடியை அப்பாவின் பாதத்துக்கு அடியில் பிடிக்கிறார், நான் டார்ச் அடிக்கிறேன். நேற்று வலது குதிகாலில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. அப்பா வழக்கம்போல வலிக்கவில்லை என்றார். காலையில் முதல் டோக்கன் எங்களுடையது.